போர் போட்ட கதை

நாட்டின் பாதுகாப்புக்காக அடுத்தவன் பேச்சை ஒட்டுக்கேட்பதற்கென்று ஒரு துறை இருந்தது. ஒட்டுக்கேட்பது என்று பலகையில் எழுதினால் அசிங்கமாக இருக்குமே என்று தேசியக் கேள்வித் துறை என்று பெயர் வைத்திருந்தார்கள். கேள்வி என்றால் காதால் கேட்பது மட்டும்தான். வாயால் கேட்கிற கேள்விக்கு அங்கே இடம் கிடையாது. புதிதாகச் சேர்ந்த ஒருவன் முதல் நாளே, "சார், கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்ததாக ஒரு பேச்சு உண்டு. பொய்யாகவும் இருக்கலாம். அந்தக் கட்டடத்தில் உண்மைக்கும் பொய்க்கும் தனித்தனி அலமாரி வைக்கவில்லை.

இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் நடக்கிற தொலைபேசிப் பேச்சுகளைக் கேட்டு எழுதுவது நம் ஆளின் வேலை. அலுவலகத்தில் அவருக்குக் காது என்றே பெயர். வீட்டில் அவர் மனைவி, "ஊர்ல எவன் பேசினாலும் இந்த மனுஷனுக்குக் கேக்கும், நான் பேசினா மட்டும் கேக்காது" என்பாள். வீரம், தேசபக்தி என்று பெரிதாக எதுவும் அவரிடம் இல்லை. நாற்காலியில் சாய்ந்து தூங்க வசதியான வேலை. அந்த வசதி கெடாமல் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் லட்சியம்.

ஒரு மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில் கண் சொருகிக்கொண்டு வரும்போது ஒரு பேச்சு காதில் விழுந்தது. இரண்டு நாட்டிலும் ஒரே மொழிதான். அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, திங்கக்கிழமை போர் போடுறோம். மிஷின் கிளம்பிடுச்சு."

"எங்கடா போடுற?"

"வேலி ஓரமாத்தான். முந்நூறு அடி அடிச்சாப் போதும்னு மிஷின்காரர் சொல்றார்."

"பக்கத்துக்காரன் சும்மா இருப்பானா?"

"கத்தினா கத்திட்டுப் போறான். போன தடவை மாதிரி ஏமாற மாட்டேண்ணே. இந்தத் தடவை தண்ணி காட்டாம விடுறதில்லை."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? தரையைத் துளைத்துக் குழாய் இறக்கிக் கிணறு போடுகிறார்கள். அதைப் போர் போடுவது என்று சொல்லாத ஆள் இரண்டு நாட்டிலும் இல்லை. காது கேட்டதைக் கேட்டபடி எழுதி, கொட்டாவி விட்டுவிட்டு, சாயங்காலம் மொழித் தூய்மை அலுவலரிடம் எடுத்துக்கொண்டு போனார்.

துறையில் எதை எழுதினாலும் அது மொழித் தூய்மை அலுவலர் கை பட்டுத்தான் மேலே போக வேண்டும். அவருக்குப் பெயர் சந்திப்பிழை. எதிரி எல்லை தாண்டி வந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார். ஒற்று மிகாத இடத்தில் மிகுந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"போர் போடுறோம்னு எழுதியிருக்கீங்களே, இது என்ன பாஷை?"

"அவங்க அப்படித்தான் சார் பேசினாங்க."

"அவங்க ஆயிரம் பேசுவாங்க. சட்டை போடலாம், சாப்பாடு போடலாம், சண்டைகூடப் போடலாம். போரைப் போட முடியுமாய்யா? போரைத் தொடுக்கணும்."

காது வாயைத் திறந்தார். 'சார், இது கிணறு' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சந்திப்பிழையிடம் வாயைக் கொடுத்தால் அவர் மரபு என்பார், வழு என்பார், நன்றாகச் சுற்றி வளைத்துவிட்டு முழுவதையும் திரும்ப எழுதச் சொல்வார். கீழே அலுவலகப் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. அதை விட்டால் மூன்று பேருந்து மாற வேண்டும். காது வாயை மூடிக்கொண்டு, "சரிங்க சார்" என்றார்.

சந்திப்பிழை உற்சாகமாகத் திருத்தினார். மிஷின் என்பது பிறமொழிச் சொல், இயந்திரம் ஆக்கினார். எந்த இயந்திரம் என்று தெளிவில்லாததால் போர் இயந்திரம் ஆக்கினார். அடி அடிப்பது கூறியது கூறல் என்பதால் அடி கொடுப்பதாக மாற்றினார். வேலி ஓரம் எல்லையோரம் ஆயிற்று. பக்கத்துக்காரன் என்பது மரியாதைக் குறைவான கொச்சை. அண்டை நாட்டான் ஆக்கினார். கடைசியில் அது இப்படி நின்றது: 'திங்கட்கிழமை போர் தொடுக்கிறோம். போர் இயந்திரம் புறப்பட்டுவிட்டது. எல்லையோரத்தில் முந்நூறு அடி கொடுத்தால் போதும். அண்டை நாட்டான் கதறினால் கதறட்டும். இம்முறை அவனுக்குத் தண்ணீர் காட்டாமல் விடுவதில்லை.'

"இப்பப் படிங்க. எப்படி இருக்கு?" என்றார் சந்திப்பிழை.

"கம்பீரமா இருக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுக் காது படியிறங்கி ஓடினார். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

மறுநாள் காலை இயக்குநர் அதைப் படித்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அதற்கு முன் அவர் நாற்காலியை விட்டு எழுந்ததை யாரும் பார்த்ததில்லை. பல வருடங்களாகத் துறைக்குப் புதுக் கட்டடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனிதர் அவர். துறை உருப்படியாக எதையாவது கண்டுபிடித்தால் பார்க்கலாம் என்று அமைச்சர் சொல்லியிருந்தார். கண்டுபிடித்தாயிற்று.

அன்று மாலையே பாதுகாப்பு அமைச்சர் அவையில் எழுந்தார். "நம் மீது போர் தொடுக்கப் போகிறார்கள். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. காட்டச் சொல்கிறீர்கள். காட்ட முடியாது, அது ரகசியம். காட்ட முடிகிற ஆதாரத்தை யார் வேண்டுமானாலும் காட்டலாம். காட்ட முடியாத ஆதாரம் இந்த அரசிடம் மட்டும்தான் இருக்கிறது!"

மேசைகள் அதிர்ந்தன. எதிர்க்கட்சித் தலைவர் பதறிப்போனார். தேர்தல் வருகிற நேரத்தில் போரை ஆளுங்கட்சியே தனியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவர் எங்கே போவார்? எழுந்து முழங்கினார். "ஆதாரம் போதாது என்பதல்ல எங்கள் குற்றச்சாட்டு. இவ்வளவு அருமையான ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேற்று ராத்திரி எப்படித் தூங்கினீர்கள்? நாங்கள் ஆட்சியில் இருந்திருந்தால் ஆதாரம் கிடைப்பதற்கு முன்பே போர் தொடங்கியிருப்போம்!"

திங்கட்கிழமை வந்தது, போனது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கல்கூட விழவில்லை. நம் தயார்நிலையைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்றார் அமைச்சர். பயந்தவன் பதுங்குவான், பதுங்கியவன் பாய்வான், அதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. துணைப்படை ஆட்களை எல்லாம் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

இதுவரை காதுக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. எப்படியும் யாராவது பெரிய மனிதர் நடுவில் விழித்துக்கொண்டு, 'அட, கிணறுப்பா' என்று சிரித்துவிட்டுக் கலைந்துபோவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்குள் நுழைந்தால் மாமியார் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கூடத்தில் மச்சான் பளபளவென்று பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றான்.

மச்சான் என்றால் மனைவியின் ஒரே தம்பி. மெத்தைக் கடையில் வேன் ஓட்டுகிறான். துணைப்படையில் சேர்ந்தால் பூட்ஸ் இலவசம் என்று யாரோ சொல்லக் கேட்டுப் போய்ச் சேர்ந்தவன். துப்பாக்கியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

"மாமா, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எல்லைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். நீங்க அந்த டிபார்ட்மெண்ட்லதானே இருக்கீங்க? நிஜமாவே சண்டை வருமா?" என்றான். சிரிக்கப் பார்த்தான், உதடு கோணிக்கொண்டு போயிற்று.

 காது சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கிணறு, மிஷின், சந்திப்பிழை, பேருந்து எல்லாம்.

 மனைவி ஆரம்பித்தாள். "அடப் பாவி மனுஷா! பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு என் தம்பி தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு வந்தீங்களா?"

"நான் என்னடி பண்ணுவேன்? அந்த ஆள் திருத்திட்டான்."

"உங்க வாய் எங்க போச்சு? வீட்ல சாம்பார்ல உப்பு குறைஞ்சா மட்டும் எட்டு ஊருக்குக் கேக்குதே!"

 மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். தெருவில் ஐந்தாறு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓலை வந்திருந்தது. அந்த அம்மாக்களிடமெல்லாம் போய்ச் சொன்னார். அந்த அம்மாக்கள் சும்மா இருப்பார்களா? மூன்றாம் நாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது: 'போர் அல்ல, போர்!'

பாதிப் பேர் அதை அச்சுப்பிழை என்று நினைத்தார்கள். மீதிப் பேருக்குப் புரிந்துவிட்டது. அவையில் அமளி.

அமைச்சர் கலங்கவில்லை. "இது அப்பட்டமான பொய். இந்தப் பொய்யை அரசின் ரகசியக் கோப்பிலிருந்து கசியவிட்டவன் யார் என்று கண்டுபிடிக்காமல் ஓய மாட்டேன்!"

பின்வரிசையில் ஓர் உறுப்பினர், புதியவர் பாவம், எழுந்து, "பொய் எப்படிங்க ரகசியக் கோப்பில் இருந்தது?" என்று கேட்டுவிட்டார். அவைக் குறிப்பிலிருந்து அதை நீக்கினார்கள். மாலைக்குள் கட்சியிலிருந்து அவரையும் நீக்கினார்கள்.

"ஒரு பேச்சுக்குக் கிணறு என்றே வைத்துக்கொள்வோம்" என்று அமைச்சர் தொடர்ந்தார். "முந்நூறு அடி ஆழத்தில் இருக்கிற தண்ணீர் யாருடையது? மேலே வேலி இருக்கிறது, கீழே இருக்கிறதா? நம் தண்ணீரை உறிஞ்சுகிறவன் நம் ரத்தத்தை உறிஞ்சுகிறான். போர் தொடுத்தால் ஒரு காரணம்தான். கிணறு என்றால் இரண்டு காரணம்!"

எதிர்க்கட்சித் தலைவர் மூன்றாவது காரணம் ஒன்றைச் சேர்த்தார். நாட்டின் மானம் என்றார். அது எதற்கும் பொருந்தும் என்பதால் ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு எல்லாரும் போரை விட்டுவிட்டுக் கசிவைப் பிடித்துக்கொண்டார்கள். கசிவு விசாரணைக் குழு அமைத்தார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி தலைவர். கசிவு என்று தலைப்பிட்ட எந்தக் குழுவிலும் பொதுப்பணிப் பொறியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்ததால் ஒரு பொறியாளரையும் போட்டார்கள். அவர் ஏணி வைத்துத் துறைக் கட்டடம் முழுவதும் ஏறி இறங்கி, மூன்றாம் மாடிக் குழாயில் வாஷரை மாற்றிவிட்டு, கசிவு நின்றுவிட்டது என்று இடைக்கால அறிக்கை கொடுத்தார். இயக்குநர் அதைப் பத்திரிகையாளர்களிடம் வாசித்துக் காட்டினார்.

மச்சான் கிளம்புவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை, காது ஒரு கணக்குப் போட்டார். வாழ்க்கையில் அவர் தானாக யோசித்தது அதுதான் முதல் தடவை. 'ரகசியத்தை வெளியே விட்டது நான்தான் என்று ஒப்புக்கொள்வோம். என்ன ரகசியம் என்று கேட்டுத்தானே ஆக வேண்டும்? கிணறு என்று எழுதித்தானே ஆக வேண்டும்? எழுதிவிட்டால் போர் நின்றுவிடும். மச்சான் மெத்தை வேனுக்குத் திரும்பிவிடுவான்.'  நேராகக் குழுவின் முன் போய் நின்று சொல்லிவிட்டார்.

"நீங்கள் சொன்னது உண்மையா?" என்றார் நீதிபதி.

"சத்தியமா உண்மைங்கய்யா. அவங்க கிணறுதான் போட்டாங்க. தண்ணிகூட வந்திருக்கும்."

"உண்மை என்றால் ரகசியத்தைக் கசியவிட்ட குற்றம். பொய் என்றால் வதந்தி பரப்பிய குற்றம். இரண்டுக்கும் ஒரே தண்டனைதான். ஆகவே எது என்று நாம் ஆராய வேண்டிய அவசியம் இல்லை."

"ஐயா, அப்போ போரை நிறுத்த மாட்டீங்களா?"

"நீங்கள் சொல்வது ரகசியம் ஆயிற்றே, அதை வெளியில் எப்படிச் சொல்வது? ரகசியத்தை வெளியில் சொன்னதற்குத்தானே உங்களை உள்ளே போடுகிறோம்?" என்று நீதிபதி மிகவும் அன்பாக விளக்கினார்.

உள்ளே போட்டார்கள். ஒல்லியான பாய், ஓட்டைத் தகரக் குவளை. காது இரண்டு நாள் சாப்பிடவில்லை. மச்சானை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள், இனி எந்த முகத்தோடு மனைவியைப் பார்ப்பது என்று சுவரில் முட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மனைவி பார்க்க வந்தாள். வாயெல்லாம் சிரிப்பு.

"தம்பி வீட்டுக்கு வந்துட்டான்!"

"என்னடி சொல்ற?"

"லாரியில ஏத்தின பிறகு இறக்கி விட்டுட்டாங்க. தேசத் துரோகியோட சொந்தக்காரனை எல்லைக்கு அனுப்பக் கூடாதாம், சட்டம் இருக்காம். எங்கம்மா இப்ப உங்களை மாப்பிள்ளைன்னு சொல்றாங்க. கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷத்துல இதான் முதல் தடவை."

காது கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மனைவி குரலைத் தாழ்த்தி, "வெளியில மூணாவது வீட்டு அக்கா நிக்கிறாங்க. அவங்க பையனுக்கு அடுத்த லாரி. உங்களுக்கு ஏதாவது சொந்தம்னு சொல்லிடுங்களேன்" என்றாள்.

"அவங்க நமக்கு என்ன முறை வேணும்?"

"எனக்கு அக்காதானே? அப்போ அவன் உங்களுக்கு மகன் முறை. யோசிக்காதீங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. மறுநாள் நான்கு அம்மாக்கள். அடுத்த வாரம் சிறை வாசலில் வரிசை தெரு முனைவரை நின்றது. சிறைக் காவலர் ஒருவர் வேலை முடிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு அவரும் வரிசையில் வந்து நின்றார்; அவர் தங்கை மகனுக்கு ஓலை வந்திருந்தது. ஒவ்வொருவரையும் காது கம்பி வழியாகப் பார்த்து, இவன் என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன், இவன் என் சித்தி பேரன், இவன் எனக்குப் பங்காளி, இவனுக்கு நான் தாய்மாமன் என்று சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொண்டு போய்ப் படை அலுவலகத்தில் கொடுத்தார்கள். முறைகள் தீர்ந்துபோனபோது சகலையின் சகலை, சம்பந்திக்குச் சம்பந்தி என்று கிளை விட்டார். பெற்ற அப்பனுக்கே தெரியாத ஒன்றுவிட்ட தம்பிகள் அவருக்கு முளைத்தார்கள். தூங்குவதைத் தவிர வேறு எதிலும் ஆர்வம் காட்டாத மனிதர், அந்த நாட்களில் கண் மூடவே இல்லை.

எல்லையில் படைத்தலைவர் ஒரு காலையில் எண்ணிப் பார்த்தால் நிற்கச் சொல்ல ஆள் இல்லை. சமையல்காரர்களும் வாத்தியக்காரர்களும்தான் மிச்சம். "போருக்குக் காரணம் மூன்று அனுப்பியிருக்கிறீர்கள், மிக்க நன்றி. ஆட்களையும் கொஞ்சம் அனுப்புங்கள்" என்று அமைச்சருக்கு எழுதினார்.

அமைச்சர் இயக்குநரைக் கூப்பிட்டார். இயக்குநர் நீதிபதியைக் கூப்பிட்டார். நீதிபதி ஒரே அமர்வில் தீர்ப்பை மாற்றி எழுதினார். 'மூல உரையாடலின் அதிகாரபூர்வப் படியில் கிணறு என்ற சொல் எங்கும் இல்லை. இல்லாத தகவலை யாரும் கசியவிட முடியாது. ஆகவே குற்றமே நடக்கவில்லை. இவர் மாசற்ற தேசபக்தர். இவருடைய உறவினர்கள் அனைவரும் நாட்டுக்காகப் போரிட முழுத் தகுதி பெற்றவர்கள்.' சந்திப்பிழை அதைப் படித்துவிட்டு ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்தார்.

சிறை வாசலில் மேடை போட்டு, கொடி கட்டி, காதை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். எதிரே லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. எல்லாவற்றிலும் அவருடைய சொந்தக்காரர்கள். முதல் லாரியின் பின்பக்கம் மச்சான் நின்றுகொண்டிருந்தான்.

"தேசத்தின் காது" என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

காது ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "ஐயா, நான் துரோகிதான்யா! நான்தான் சொன்னேன்! என்னை உள்ளே போடுங்க! தூக்குல வேணும்னாலும் போடுங்க, இவங்களை இறக்கி விடுங்க!"

"என்ன ஒரு தன்னடக்கம்!" என்றார் இயக்குநர். கூட்டத்தில் கைதட்டச் சொல்லி வைத்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வந்து இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், பதினஞ்சு வருஷமா இவரோட குடும்பம் நடத்துறேன். என் பிள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன், இவர் துரோகிதான் சார். இவர் வாயில ஒரு ரகசியம் நிக்காது. எழுதிக்கோங்க சார், உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன்."

"அம்மா, நடக்காத குற்றத்தை எழுத எங்களுக்கு அதிகாரம் கிடையாது. நாங்க சட்டப்படி நடக்கிறவங்க" என்று இயக்குநர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார்.

லாரிகள் நகர்ந்தன. "மாமா, அக்காவைப் பார்த்துக்கோங்க. போயிட்டு வரேன்" என்று மச்சான் கையை ஆட்டினான். அவனுக்குப் பின்னால் வந்த லாரியில் ஒரு பையன், காது அவனை ஒரே ஒரு தடவை கம்பி வழியாகப் பார்த்திருந்தார், பெயர்கூட ஞாபகம் இல்லை, "பெரியப்பா, போயிட்டு வரேன்" என்று கத்தினான். அடுத்ததில் ஒருவன் "சித்தப்பா" என்றான். பிறகு லாரிக்கு லாரி, மாமா, அண்ணே, தாத்தா, பெரியப்பா, போயிட்டு வரேன், போயிட்டு வரேன் என்று அவரவருக்குக் கொடுத்த முறையைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். ஒருவன்கூட முறை மாற்றிச் சொல்லவில்லை. மேடை விளிம்பில் நின்று காது ஒவ்வொருவனுக்கும், "பார்த்துடா, பத்திரமா வந்துடுடா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சட்டையில் பதக்கத்தைக் குத்துவதற்கு இயக்குநர் பக்கத்தில் நின்று ஊக்குத் தேடிக்கொண்டிருந்தார்.